ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம்

படம் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மாடிப்படித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கி, சுவரில் இடிக்காமல் ஒருவழியாக வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஒருவர் இறக்கிவைத்த கையோடு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். மற்றவர் படம் மாட்டுகிறவர். இடுப்புப் பையில் துளைபோடும் மெஷின், ரசமட்டம், காதில் செருகிய பென்சில்.

"எந்த ரூம்மா?"

அவள் கைகாட்டினாள். அறை துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் கதவு, நடுவில் வெறும் சுவர். அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கறை.

"இந்தக் கறை மறையணும்" என்றாள்.

"அப்போ ரொம்பக் கீழ வருமே. படம்னா கண்ணு மட்டத்துல இருக்கணும். இது கட்டில்ல உக்காந்திருக்கிறவங்க தலை இருக்கிற உயரம்."

"பரவாயில்ல. மாட்டுங்க."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் குறித்தார். துளை போட்டார், கொக்கி திருகினார், ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "உள்ள யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பவுடரும் மருந்துமா ஒரு வாசனை. எங்க அப்பா படுத்திருந்தப்ப வீடு இப்படித்தான் இருக்கும்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறைக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாகிவிட்டது. தரையை மூன்று முறை கழுவியாகிவிட்டது. இரண்டு மாதமாக ஜன்னல் திறந்தே கிடக்கிறது.

அந்த அறையில் படுத்திருந்தது அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவர். தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியைப் படிக்கவைத்தவர். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் வந்து சாய்ந்தார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கையும் கண்களும் மட்டும் மிச்சம். அந்தக் கையைத் தலைக்கு மேலே நீட்டி, பின்னால் இருக்கும் சுவரைத் தடவிக்கொண்டே இருப்பார், கரும்பலகையில் எழுதுகிறவர் போல. ஆறு வருஷம் தடவியதுதான் அந்தக் கறை. எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் ஒரு வாரத்தில் மேலே வந்துவிடும்.

அவளுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. பாடப்புத்தகப் பதிப்பகம் ஒன்றுக்குப் புரூஃப் பார்த்துப் பிழை திருத்திக் கொடுப்பாள். வீட்டில் இருக்கிற ஆள்தானே என்று டீச்சரும் அவள் தலையில் வந்து விழுந்தார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு முறை ஆளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். ஜன்னல் பக்கம் இரண்டு மணி நேரம், கதவுப் பக்கம் இரண்டு மணி நேரம். பகலில் மட்டுமல்ல, இரவிலும். கதவில் ஒட்டிய அட்டவணையில் ஒவ்வொரு முறையும் ஒரு டிக் போட வேண்டும். ஆறு வருஷம் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை.

டீச்சர் போன பிறகு எல்லோரும் அவளிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: இனிமேலாவது நல்லா தூங்கு.

தூக்கம் வரவில்லை. அலாரம் வைத்தது போல் இரண்டு மணிக்கொரு முறை உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்தது.

படம் வாங்கலாம் என்று சொன்னது கணவர்தான். "கறை போக மாட்டேங்குது. பெருசா ஒரு படத்தை மாட்டி மூடிடலாம். அந்த ரூமை நீ ஆபீஸ் ரூமா வெச்சுக்கோ." அவர் கொரியர் கம்பெனியில் சூப்பர்வைசர். எந்தப் பிரச்சினையையும் நன்றாக மூடி ஒட்டி அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நம்புகிறவர்.

கடையில் சுவர் முழுக்கப் பாப் ஆர்ட் பிரதிகள். ராட்சத உதடுகள், தொலைபேசிகள், சோப்பு டப்பாக்கள், ஒரே முகம் நாலு நிறத்தில். "எல்லாமே மியூசியத் தரம் மேடம்" என்றாள் கடைக்காரப் பெண். "பருத்திக் காகிதம். நூறு வருஷத்துக்குக் கலர் மங்காது. கண்ணாடியும் மியூசியத்துல போடுறதுதான், எதிரொளிக்காது. முன்னாடி நின்னா உங்க முகம்கூடத் தெரியாது. படம் மட்டும்தான் தெரியும்."

"நூறு வருஷம் நாம இருக்கப் போறதில்ல. படமாவது இருக்கட்டும்" என்றார் கணவர்.

ஆறு வருஷம் மருந்துப் பழுப்பையும் ரப்பர் விரிப்பின் நீலத்தையும் பார்த்துச் சலித்த கண்களுக்குக் கொஞ்சம் இரைச்சலான நிறம் வேண்டியிருந்தது. அவள் தேர்ந்தெடுத்தது நாலடி உயரப் படம். மஞ்சள் முடி, சிவப்பு உதடு, தடித்த கறுப்புக் கோடு, கன்னம் முழுவதும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். பக்கவாட்டில் திரும்பியிருக்கும் ஒரு பெண்ணின் முகம். ஒரு கண்தான் தெரியும். கீழே இடது மூலையில் பிரதியின் எண், முப்பத்தேழு. கூடவே ஒரு சான்றிதழ், அதில் அதே படம் தபால்தலை அளவில்.

சுவரில் மாட்டியபோது அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நல்லதாகப் பட்டது அவளுக்கு. வெளிச்சத்தைப் பார்க்கிறாள்.

மறுநாள் மேசையை அந்த அறைக்கு மாற்றி, காலையிலிருந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்கு முதுகை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள்.

பெண் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று ஜன்னல் பக்கம் என்று நினைத்தது தன் மயக்கம்தான் என்று எண்ணிக்கொண்டாள். ஆனால் இருபது வருஷமாகக் கால் எது, கொம்பு எது என்று பார்த்தே வயிறு வளர்க்கிறவள். சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். சின்னப் படத்தில் முகம் இடது பக்கம், ஜன்னல் இருக்கும் பக்கம்தான் இருந்தது. அச்சடிக்கும்போது இடவலம் மாற்றிவிட்டார்களோ என்று பார்த்தால், மூலையில் எண் அதே இடது பக்கம், நேராகவே இருந்தது.

கடைக்குப் போன் செய்தாள். "அப்படி வர வாய்ப்பே இல்லையே மேடம்" என்றாள் கடைக்காரப் பெண். "ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன், நான் பார்த்துச் சொல்றேன்."

வேறு வேலை வந்து, அவள் போனை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் போய் நின்றபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

அவள் போட்டோ எடுக்கவில்லை. கடைக்குக் கூப்பிட்டு, தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாள். பிறகு வேலையை ஓரம் தள்ளிவிட்டு, நாற்காலியைப் படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி வரை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணிக்கு வழக்கம்போல உடம்பு தானாக எழுந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

கதவுப் பக்கம்.

நாலு மணிக்கு ஜன்னல் பக்கம். ஆறு மணிக்குக் கதவுப் பக்கம்.

கணவரிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அவர் தினமும் வந்து எட்டிப் பார்த்து, "ரூமே பளிச்சுனு ஆயிடுச்சு" என்பார். முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. டீச்சர் இருந்தபோதும் அப்படித்தான், வாசலில் நின்றே, "என்னக்கா, நல்லாயிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. எப்படி நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது அடுத்த வெள்ளிக்கிழமை.

அன்று பன்னிரண்டு மணிக்கு முன்னால் பதிப்பக ஆசிரியர் போனில் பிடித்துக்கொண்டார். ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் ஏகப்பட்ட திருத்தம், நாளைக்கே அச்சுக்குப் போக வேண்டுமாம். தாள்களை ஹாலில் பரப்பிவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்துத் திருத்தி முடிப்பதற்குள் மணி நாலே கால். காது சூடேறியிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பவுடர் இல்லை, மருந்தும் இல்லை. அவற்றுக்கு அடியில் இருப்பது. இனித்துக்கொண்டே அழுகும் ஒரு வாசனை. முதல் வருஷத்தில் ஒரே ஒரு முறை, டீச்சரின் இடுப்பெலும்புக்கு மேலே தோல் கறுத்து விண்டபோது வந்தது. அதற்குப் பிறகு அது வரவே கூடாது என்பதற்காகத்தான் அவள் ஐந்து வருஷம் விழித்திருந்தாள்.

அறைக்குள் போனாள்.

முகம் கதவுப் பக்கம் இருந்தது. பத்து மணிக்குத் திரும்பியது, அப்படியே கிடந்தது. கன்னத்தின் புள்ளிகள் இளஞ்சிவப்பாக இல்லை. காதோரத்தில் கருஞ்சிவப்பாகி, ஒன்றோடொன்று கலந்து, கண்ணாடிக்கு உள்ளே ஈரமாக மினுங்கின.

அவளுக்கு அலறத் தோன்றவில்லை. கை தானாகப் புடவை முந்தானையை இடுப்பில் செருகியது. கண்ணை மூடிக்கொண்டு, ஆறு வருஷமாக நாளுக்குப் பன்னிரண்டு முறை சொன்னதைச் சொன்னாள்.

"மெதுவா, அந்தப் பக்கம் திரும்பிக்கலாமா அண்ணி?"

கண்ணைத் திறந்தாள்.

ஜன்னல் பக்கம். கன்னம் சுத்தமாக இருந்தது. வாசனை இல்லை.

இரண்டு மணிக்கொரு முறை எழுந்திருக்கும்போதெல்லாம் தன் வாய் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தூக்கக் கலக்கத்தில் படுக்கையிலிருந்து சொன்னாலும் அங்கே கேட்டிருக்கிறது. படம் தானாகத் திரும்பவில்லை. அவள்தான் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

அதன் பிறகு பழைய வாழ்க்கை சத்தமில்லாமல் திரும்பி வந்தது. கடைக்குப் போனால் மணி பார்த்துக்கொண்டே ஓடிவந்தாள். பல் டாக்டரிடம் வாங்கிய நேரத்தைத் தள்ளிப்போட்டாள். சொல்லாமல் விட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நாள் நினைத்தாள். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பயம் ஒரு பக்கம். அதைவிட, அங்கே ஒருவர் வலியில் காத்திருக்கிறார் என்கிற நினைப்பு. அந்த நினைப்போடு சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை. கண்ணுக்குக் கீழே பழைய கருவளையம் வந்தது. புரூஃபில் பிழைகள் தப்பின. பதிப்பக ஆசிரியர், "உங்களுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போகலாம் என்று கணவர் கிளம்பி நின்றார்.

"நீங்க போயிட்டு வாங்க. பன்னெண்டு மணிக்கு நான் இங்க இருக்கணும்."

"எதுக்கு?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"யாருக்காக இருக்கணும்?" என்றார் மெதுவாக. அவள் முகத்தை அவர் உற்றுப் பார்த்தது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். படத்தில் ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்த முடியாமல் டீச்சர் போன நாளுக்கு வந்துவிட்டாள்.

"அன்னிக்கு ரெண்டு மணிக்கு நான் அவங்களைத் திருப்பல. நாலு மணிக்கும் திருப்பல. சோபால சாஞ்சவ அப்படியே தூங்கிட்டேன். அஞ்சு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தா, எல்லாம் முடிஞ்சிருந்தது. கதவைப் பார்த்தபடியே கிடந்தாங்க. நீங்க வர்றதுக்குள்ள அட்டவணையில ரெண்டு டிக்கையும் போட்டுட்டேன்."



"தெரியும்" என்றார் கணவர்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு மூணு மணிக்கு ஒரு ஃபைல் எடுக்க வந்தேன். நீ தூங்கிட்டிருந்த. வாயைத் திறந்துட்டு, குழந்தை மாதிரி. எழுப்ப மனசு வரல. அக்கா ரூம் கதவைத் திறந்து பார்த்தேன்." அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "உயிரோடதான் இருந்தா. கதவுப் பக்கம்தான் பார்த்துட்டிருந்தா. என்னைப் பார்த்தா. திருப்பி விடுடான்னு கண்ணாலயே கேட்டா. எனக்கு எப்படித் திருப்புறதுன்னே தெரியாது. ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அவளைத் தொட்டுத் தூக்கினதில்ல. நீ எழுந்து பார்த்துப்பன்னு நினைச்சேன். கதவைச் சாத்திட்டு ஆபீஸுக்குப் போயிட்டேன்."

கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவள் சோபாவில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளுக்குப் பன்னிரண்டு முறை. ஆறு வருஷம். அதில் ஒரே ஒரு முறை இவர் செய்திருக்கலாம்.

"மணி பன்னெண்டு ஆகுது" என்றாள். "வாங்க."

அவர் வாசலில் நின்றுவிட்டார். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். முகம் கதவுப் பக்கம், அவரைப் பார்த்தபடி இருந்தது.

"நீங்க சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"திரும்பச் சொல்லுங்க."

"அக்கா, திரும்பு" என்றார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சொன்னார். குரல் உயர்ந்தது.

"அதட்டினா ஆகாது. உள்ளங்கையைத் தேய்ச்சுச் சூடாக்கிக்கோங்க. முதல்ல தோள்ல கை வைக்கணும். அப்புறம்தான் சொல்லணும்."

அவர் கைகளைத் தேய்த்தார். படத்துக்குத் தோள் ஏது என்று தெரியாமல், மரச்சட்டத்தின் இரண்டு பக்கத்திலும் கை வைத்தார். நெற்றி கண்ணாடியில் இடித்தது.

"அன்னிக்கு வந்தேன்க்கா. நீ பார்த்த. மெதுவா திரும்பிக்கலாமா?"

இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை.

புள்ளிகள் அசைந்தன.

மஞ்சள் முடி தலையணையில் உரசுவது போல ஒரு சத்தம். மூக்கின் கறுப்புக் கோடு வளைந்து, தேய்ந்து, நடுவுக்கு வந்தது.

அங்கேயே நின்றது.

முதல் முறையாக இரண்டு கண்களும் தெரிந்தன. அச்சடித்த கண்கள், ஒன்று நன்றாகத் திறந்தும், வலது பக்கத்துக் கண் பாதி சரிந்தும். அவை ஒரு விரல்கடை தூரத்தில் இருந்த கணவரின் முகத்தைப் பார்த்தன. எவ்வளவு நேரம் பார்த்தன என்று இருவருக்கும் தெரியாது.

பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் போயின.

கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சட்டம் சூடா இருக்கு" என்றார். "உடம்பு மாதிரி சூடா இருக்கு."

மறுநாள் காலை இருவருமாகப் படத்தைப் போர்வையில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரப் பெண் மேசையில் வைத்துப் பிரித்து, சட்டத்தின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தாள். சான்றிதழோடு ஒப்பிட்டாள். அதிலிருந்தது போலவே இருந்தது முகம்.

"நல்லாத்தானே இருக்கு மேடம். பிடிக்கலையா?"

"பிடிச்சிருந்தது. எங்க வீட்டுக்குக் கொஞ்சம் பெருசு" என்றாள் அவள்.

"வேற எதாவது பார்க்கிறீங்களா?"

"வேண்டாம்" என்றார் கணவர்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவர் அவளை வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் சீக்கிரம் வந்து சமையலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வேலைக்குப் போனார். அவள் உள்தாழ்ப்பாள் போட்டாள். காலி அறையை எட்டிப் பார்த்தாள். சுவரில் கொக்கிக்காகப் போட்ட இரண்டு துளைகள் இருந்தன, கறை இருந்தது. ஒரு வாசனையும் இல்லை.

தன் அறைக்கு வந்து, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள். மணி பன்னிரண்டு. கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றுதான் நினைத்தாள்.

கிணற்றில் கல் விழுந்தது போலத் தூங்கினாள். இரண்டு மணிக்கு உடம்பு எழவில்லை. நாலு மணிக்கும் எழவில்லை. கனவு இல்லை, தாகம் இல்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் சாயங்கால வெளிச்சம். எதிரே கடிகாரம் ஆறு காட்டியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உடம்பில் எங்கும் வலி இல்லை. ஒரு மரத்துப்போதல்கூட இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கடிகாரம், அவள் பார்த்துப் படுத்த சுவருக்கு எதிர்ப்பக்கம் இருப்பது.

எழப்பார்த்தாள். கால்கள் சற்று உயர்ந்திருந்தன. கணுக்காலுக்கு அடியில், குதிகால் மெத்தையில் படாதபடி, இறுகச் சுருட்டிய ஒரு துண்டு இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, சரியாமல் இருக்க நன்றாக அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வாசல் கதவின் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருப்பது படுக்கையிலிருந்தே தெரிந்தது.

கத்த வேண்டும் என்று தோன்றியது. இறங்கி ஓட வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் தோளில் ஏதோ ஒரு சூடு இன்னும் ஆறாமல் இருந்தது, தேய்த்துச் சூடாக்கிய ஒரே ஒரு உள்ளங்கையின் அளவுக்கு. இடது கை.

எட்டு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.